ட்ரங்க் லைனில் வந்த தேர்

எங்கள் வேலையில் யாருக்கும் பெயர் கிடையாது. கடலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டை மாட்டி, மார்பில் பேசும் குழலைத் தொங்கவிட்டுக்கொண்டால் நான் கடலூர். கம்பியின் அந்தப் பக்கம் இருக்கிறவள் சிதம்பரம். இன்னொருத்தி விருத்தாசலம். டியூட்டியில் சொந்தப் பேச்சு பேசக்கூடாது என்று சட்டம். கூடாது என்று சொன்ன பேச்சுக்குத்தானே ருசி ஜாஸ்தி? மெட்ராஸ் லைன் கிடைக்கக் காத்திருக்கும் இடைவெளியில், "கடலூர், சாப்ட்டாச்சா?" என்பாள். "ஆச்சு சிதம்பரம், அங்க மழையா?" என்பேன். இப்படி ஒரு வாய், அரை வாயாகவே எங்களுக்குள் ஒரு சிநேகம் வளர்ந்துவிட்டது. நான் சொல்வது அறுபதுகளின் நடுவில். அப்போது எனக்குக் கலியாணம் ஆகவில்லை. செம்மண்டலத்தில் அம்மாவோடு இருந்தேன்.

சிநேகம் ஒரு பக்கம் இருக்க, சிதம்பரம் என்கிற ஊர் மேல் எனக்கு அப்படி ஒரு வயிற்றெரிச்சல். எங்கள் ஊரிலிருந்து போகிற ட்ரங்க் கால் எல்லாம் என்ன? வக்கீல் குமாஸ்தா வாய்தா தேதி சொல்வார். மண்டிக்காரர் மல்லாட்டை விலை கேட்பார். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டார்கள் என்று யாராவது அங்கலாய்ப்பார்கள். கலெக்டர் ஆபீசும் கோர்ட்டும் ஜெயிலும் இருக்கிற ஊர், வேறு எதைப் பேசும்? சிதம்பரத்துக்குப் போகிற கால் அப்படி இல்லை. சபாக்காரர் ஒருவர் நாதஸ்வரக்காரரிடம் தேதிக்குக் கெஞ்சுவார். பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் ஒரு கல்வெட்டில் ஒரு வரிக்காக மூன்று நிமிஷம் முடிந்து இன்னொரு மூன்று நிமிஷம் சண்டை போடுவார். இதெல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். கல்யாண வீட்டு வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கிறவள் மாதிரி நான் பிளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என் சிநேகிதியோ பேச்சுக்குப் பேச்சு "எங்க ஊர்ல" என்பாள். "எங்க ஊர்ல இன்னைக்கு நாட்டியம் கடலூர், ரோடே அடைஞ்சு போச்சு." "எங்க ஊர்ல கோலம் போட ஆரம்பிச்சுட்டாங்க." எங்கள் ஊரில் கடல் இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னேன். "ஆமா, கடலூர்னா கடல் இருக்காதா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மார்கழித் திருவாதிரைக்கு முதல் நாள் தேர். அந்தத் தேர் நாலு வீதியும் சுற்றி அவர்கள் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் வரும்போது, "கடலூர், லைன்ல இருங்க. தேர் எங்க தெருவுக்கு வந்துடுச்சு. கேளுங்க" என்று சொல்லி, மார்பில் இருக்கிற குழலை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடிப்பாள். கம்பியின் இரைச்சலுக்கு நடுவில் முதலில் சங்கு கேட்கும். பிறகு மேளம். அதற்குப் பின்னால் ஜனங்களின் சத்தம் திரண்டு வரும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஆனித் தேருக்கும் அப்படித்தான். வருஷத்தில் இரண்டு தடவை, யாரோ எனக்கென்று ஒரு ஊரையே தூக்கிக் காதில் வைத்த மாதிரி இருக்கும். எனக்கென்று மட்டும். அதில்தான் என் கர்வம் எல்லாம் இருந்தது. சபாக்காரரும் பேராசிரியரும் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும், தேர் எனக்குத்தான் வருகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எனக்கு மணியோசை மட்டும் வந்துகொண்டிருந்தது, யானை வரவே இல்லை. அந்த வருஷ மார்கழியில் தேரன்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. தேரையும் பார்ப்பது, திடீரென்று அவள் முன்னால் போய் நின்று "நான்தான் கடலூர்" என்பது. இவ்வளவுதான் திட்டம்.

"தனியாவா போற?" என்றாள் அம்மா.

"பாக்கத்தானே போறேன். பாக்கறதுக்குத் துணை எதுக்கு?"

"தேரப் பாக்கப் போறியா, தேரு பாக்கறவளப் பாக்கப் போறியா?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அம்மாக்களுக்கு ஹெட்செட் இல்லாமலே எல்லாம் கேட்டுவிடும்.

திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் ஏறினேன். பரங்கிப்பேட்டை தாண்டி ஆற்றுப் பாலத்தில் வண்டி போகும்போது, பெட்டியில் இருந்த பெண்கள் எல்லாரும் அவளைப் பற்றித்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டதுபோல எனக்கு ஒரு கூச்சம். அவளை நான் மனதில் முழுசாக வரைந்து வைத்திருந்தேன். கீழவீதியில் பெரிய வீடு. கூடத்தில் தம்பூரா. பட்டுப் புடவை, வைர மூக்குத்தி, தலை நிறையப் பூ. வேலைக்கு வருவதே பொழுதுபோக்குக்கு. அந்தக் குரலுக்கு இதைவிடக் குறைவாக எனக்கு நினைக்கத் தெரியவில்லை. நினைக்க நினைக்க அந்த மூக்குத்தி பெரிதாகிக்கொண்டே போனது.

கிள்ளை தாண்டியதும் கோபுரம் தெரிந்தது. பெட்டியே எழுந்து கும்பிட்டது. நானும் கும்பிட்டேன், கொஞ்சம் முறைப்பாக.

ஸ்டேஷனிலிருந்து கூட்டத்தோடு நடந்தேன். ஒரு ஊருக்குப் போனால் குறை கண்டுபிடிப்பது எனக்குக் கைவந்த கலை. அன்றைக்கு அந்த ஊர் எனக்கு ஒத்துழைக்கவில்லை. வீதி முழுக்கக் கோலம். வீட்டு வாசலில் போடும் கோலம் இல்லை, தேர் போகும் வீதியையே ஒரே வாசலாக நினைத்துப் போட்ட கோலம். நடப்பதற்கு இடம் விடாமல் போட்டிருக்கிறார்களே என்று குறை சொல்லலாம் என்று பார்த்தால், எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஓரமாகப் போனார்கள். நானும் அப்படியே போனேன். எங்கள் தெருவில் நான் போட்ட கோலத்தின் மேல் சைக்கிளை விட்டவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஒரு ஓட்டலில் இட்லிக்குக் கொத்சு வைத்தார்கள். கத்தரிக்காய்தான். அதே கத்தரிக்காய் எங்கள் மார்க்கெட்டிலும் கூறு கட்டி விற்கிறது, யாரும் அதற்கு ஒரு பெயர் வாங்கிக் கொடுக்கவில்லை. இந்த ஊரில் கத்தரிக்காய்க்கும் கீர்த்தி. இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டேன்.

தேர் இன்னும் கிளம்பவில்லை என்றதும் கிழக்குக் கோபுர வாசலுக்குள் போய் நின்றேன். இரண்டு பக்கச் சுவரிலும் கல்லில் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி காலை நெற்றிவரைக்கும் தூக்கியிருந்தாள். ஒருத்தி இடுப்பை ஒடித்துத் திரும்பி, தான் செய்தது சரிதானா என்பது போலப் பார்த்தாள். எனக்குச் சின்ன வயதில் நாட்டியம் கற்றுக்கொள்ள ஆசை இருந்தது. எங்கள் ஊரில் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் கேட்கத் துணிந்தவர்கள் இல்லை. கல்லுக்குக்கூட ஆடத் தெரிந்த ஊரில் பிறக்காமல் போனேனே என்று அங்கே நின்றபடி நினைத்தேன். பக்கத்தில் ஒரு காலேஜ் பையன், தன் சிநேகிதனுக்கு ஒவ்வொரு சிலையாக விளக்கிக்கொண்டிருந்தான். இந்த ஊர்ப் பையன்களுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று அவன் மேலும் எனக்குக் கோபம்.

பிறகு தேர் கிளம்பியது. பிள்ளையார் தேர் முன்னால், நடராஜர் தேர், அதன் பின்னால் அம்மன் தேர், இன்னும் இரண்டு என்று மொத்தம் அஞ்சு தேர்கள். வடத்தைப் பிடித்தவர்களோடு நானும் ஒரு கை வைத்தேன். தேர் நகரும்போது முதலில் காதுக்குத் தெரியவில்லை, உள்ளங்காலுக்குத்தான் தெரிந்தது. தரை அதிர்ந்தது. இது ட்ரங்க் லைனில் வரவே இல்லையே என்று நினைத்தேன். இத்தனை வருஷம் அவள் எனக்கு அனுப்பியது பாதி கூட இல்லை. மீதியை அவளே வைத்துக்கொண்டுவிட்டாள் என்று, ஏதோ அவள் திருடினது போல, எனக்குத் தோன்றியது.

தெற்கு வீதி முடிந்து மேலவீதியில் ஒரு முனைக்கு வந்ததும் தேர்கள் நின்றுவிட்டன. அங்கே மீனவர்கள் சீர் கொண்டுவந்து காத்திருந்தார்கள். சிவகாமி அம்மன் அவர்கள் குலத்தில் பிறந்த பெண் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் பெண் புருஷனோடு வீதியில் வரும்போது பிறந்த வீட்டார் வந்து சீர் வைக்கிறார்கள். தட்டுத் தட்டாகப் பட்டும் பூவும் பழமும் போயின. கூட்டத்தில் என் பக்கத்தில் நின்றவர்களில் ஒரு வயதான அம்மாள், கடற்கரை வெயிலில் கறுத்த முகம். தட்டு மேலே போனதும் அவள் அம்மன் தேரை அண்ணாந்து பார்த்தாள். வேண்டுதல் எதுவும் சொல்லவில்லை. கோரிக்கை வைக்கவில்லை. புருஷன் வீட்டிலிருந்து வந்த மகளிடம் கேட்பது போல, சின்னக் குரலில், "நல்லாருக்கியாடி?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். பதில் வந்துவிட்டது போலத் தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். அதை வேறு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சாயங்காலம்தான் தேர் மறுபடி கிளம்பும் என்றார்கள். நான் எக்ஸ்சேஞ்சை விசாரித்துக்கொண்டு போனேன். வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓட்டுக் கட்டடம். வெளி அறையில் பப்ளிக் கால் பேசும் கூண்டும் ஒரு பெஞ்சும் இருந்தன. கவுண்டரில் ஆள் இல்லை. உள் அறைக் கதவில் அந்நியர் பிரவேசிக்கக்கூடாது என்ற போர்டு. கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. ஐந்தாறு அடி தூரத்தில். கம்பி இரைச்சல் இல்லாமல் அது கொஞ்சம் மெலிசாக இருந்தது. பூ வாங்கி வந்திருக்கலாம் என்று பட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூப்பிடத் தைரியம் வரும்வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்தேன். தைரியம் வருவதற்குள் சாயங்காலமாகித் தேர் மறுபடி கிளம்பி வந்துவிட்டது. வீதியில் சங்கு ஊதினார்கள்.

உள்ளே அவள் சொன்னாள்: "மாயவரம், லைன்ல இருங்க. தேர் எங்க தெருவுக்கு வந்துடுச்சு. கேளுங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. எங்கள் வாக்கியம் எப்படித் தப்பான ஊருக்குப் போகிறது என்று யோசித்தேன். கொஞ்ச நேரத்தில், "விருத்தாசலம், லைன்ல இருங்க. தேர் எங்க தெருவுக்கு வந்துடுச்சு." அப்புறம் சீர்காழி. ஒவ்வொரு சொல்லும் அதே சொல். 'கேளுங்க' என்பதில் கடைசியில் ஒரு இழுப்பு இருக்கும், அதுகூட. கடைசியாக, "கடலூர்... ஓ, அவுங்க லீவா? பரவால்ல, நீங்க கேளுங்க." எனக்குப் பதிலாக அன்றைக்கு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், தேரென்றால் மரத்தில் செய்ததுதானே என்று கேட்கிற ரகம். அவளுக்கும் தேர் போனது.

பரவாயில்லையாம்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிறாளே என்று பல்லைக் கடித்தேன். யார் வீட்டுத் தேர், யார் வீட்டு மேளம், இவள் ஊர் ஊராக வாரி வழங்குகிறாள். மாயவரம் போர்டில் இருக்கிறவளை நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் அவள் தலைமயிரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. எழுந்து ஸ்டேஷனுக்குப் போயிருப்பேன். போகவும் கிளம்பினேன். ஆனால் திட்டாமல் போக எனக்கு வராது. போர்டாவது அந்நியராவது என்று கதவைத் தள்ளிவிட்டேன்.

வைர மூக்குத்தி இல்லை. பட்டு இல்லை. சாதாரண நூல் புடவை, முந்தானையைத் தலையில் போட்டு அதன் மேல் ஹெட்செட் மாட்டியிருந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவளாக இருக்கலாம், களைத்த முகம். அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் தலைக்கு மேலே உயரத்தில். அதில் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. குழலைக் கழற்றி, எழுந்து நின்று, அந்த ஜன்னலை நோக்கிக் கையை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"யாருங்க? உள்ள வரக்கூடாது" என்றாள் திரும்பி.

"கடலூர்" என்றேன். கோபமாகச் சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகிற குரலில் வந்தது.

அவள் குழலை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடலூரா? நம்ம கடலூரா? சொல்லாம வந்துட்டீங்களே. உக்காருங்க, உக்காருங்க. சூப்பர்வைசரும் தேர் பாக்கப் போயிட்டாரு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சூப்பர்வைசரின் நாற்காலியில் உட்கார வைத்தாள். ஊர் ஊராகத் தேர் அனுப்பியதைக் கேட்கத்தான் வாய் துடித்தது. அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"தேரப் பாத்துட்டீங்களா? எப்படி இருந்துச்சு?"

"என்னைக் கேக்கறீங்க? உங்க ஊரு தேரு."

"நான் எங்க பாத்தேன்?" என்று சிரித்தாள். "எங்க ஊரு லால்பேட்டைங்க. அத்தா அங்க தபால் ஆபீசுல இருந்தாரு. அவுரு மவுத்தானப்புறம் எனக்கு இந்த வேலை குடுத்தாங்க. தேரன்னிக்கு இங்க எல்லாருக்கும் லீவு வேணும். நான் நிக்கிறேன்னு சொல்லிடுவேன். எங்க பெருநாளன்னிக்கு எனக்காக அவுங்க நிப்பாங்க. இங்க வந்ததுலேர்ந்து அப்படித்தான். தேரு இந்த ஜன்னல்ல வர்றதுதான் எனக்குத் தெரியும். இங்கதான் தங்கியிருக்கேன், தினம் எந்திரிச்சு ரோடுல போறேன், கோலம் பாத்திருக்கேன். தேரு ஓடி மட்டும் பாத்ததில்ல."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் பார்த்தேன், இவள் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் "எங்க ஊர்ல, எங்க ஊர்ல" என்று என் வயிற்றில் அடுப்பு மூட்டியவள், அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு மூட்டியிருக்கிறாள். ஒரு நிமிஷம் அந்தச் சந்தோஷத்தை நன்றாக அனுபவித்தேன். அதற்குப் பிறகு, அவள் உயர்த்திப் பிடித்திருந்த கை ஞாபகம் வந்தது. குழலுக்குச் சத்தம் எட்டவேண்டும் என்று குதிகாலைத் தூக்கி நின்றிருந்தாள்.

சொல்ல ஆரம்பித்தேன். வடத்தின் கனம், தரை அதிர்ந்தது, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் பயமில்லாமல் குனிந்தது, கோபுர வாசலில் ஆடுகிற பெண்கள். அவள் வாயைக் கொஞ்சம் திறந்தபடி கேட்டாள். நடுநடுவே யாராவது கூப்பிட, போர்டில் ஒரு ஷட்டர் டப்பென்று விழும். அவள் பிளக்கைக் குத்தி "ஒரு நிமிஷம் மாயவரம்" என்பாள். எனக்கு முகம் சுருங்கும்.

திடீரென்று அவளுக்கு ஒரு யோசனை. "மாயவரம், நம்ம கடலூர் நேர்ல வந்திருக்காங்க. தேரப் பாத்துட்டு வந்திருக்காங்க. நீங்களும் கேளுங்க" என்று சொல்லி, விருத்தாசலத்தையும் சீர்காழியையும் அதே லைனில் சேர்த்து இழுத்து, ஹெட்செட்டைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டாள். அது சூடாக இருந்தது. "கடலூர்? சொல்லுங்க கடலூர்" என்று மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன. எந்தத் தலைமயிரை உலுக்க நினைத்தேனோ அந்த மாயவரம் குரல், ஆசையோடு, "கோலமெல்லாம் எப்படி இருந்துச்சுங்க?" என்றது. அவர்கள் யாருமே தேரைப் பார்த்ததில்லை. தேரன்று போர்டில் உட்காருகிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

என்ன செய்வது, சொன்னேன். கோலம் சொன்னேன், கூட்டம் சொன்னேன். கொத்சுகூடச் சொன்னேன். மேலவீதியில் சீர் வைத்ததையும் சொன்னேன். அந்த வயதான அம்மாளை மட்டும் சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். இவ்வளவு கொடுத்தாயிற்று, ஒன்றையாவது நான் வைத்துக்கொள்ளக் கூடாதா?

ஹெட்செட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். எனக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது. அவள் அதை மாட்டிக்கொள்ளும் முன்னால், "இன்னொண்ணு இருக்கு. அவுங்களுக்குச் சொல்லல" என்றேன்.

"என்ன?"

அந்த அம்மாள் அண்ணாந்து நின்றதைச் சொன்னேன். வேறு எதுவும் வேண்டாமல், சொந்த மகளைக் கேட்பது போல 'நல்லாருக்கியாடி' என்று கேட்டதை, அவள் கேட்ட அதே சின்னக் குரலில் சொல்லிக் காட்டினேன்.

சிதம்பரம் தலையிலிருந்த முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள். லால்பேட்டையிலிருந்து அவளை அப்படிக் கேட்க யாராவது வருவதுண்டா என்று நான் கேட்கவில்லை.

டப்பென்று ஒரு ஷட்டர் விழுந்தது. மாயவரம். அவள் அதைப் பார்த்தாள். ஹெட்செட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் என்னிடம்.

மாயவரம் காத்திருந்தது.